மரங்கொத்தி ஏறிய மாப்பிள்ளை

அன்று விடியற்காலை பாலையூற்றுத் தென்னந்தோட்டத்தில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலிலேயே சரியாகச் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால், தாங்களும் அங்கே இருந்ததாகச் சொல்லிக்கொள்கிறவர்களின் தொகை வருடத்துக்கு வருடம் கூடிக்கொண்டே போகிறது. (என் மூத்த மகன்கூட "நானும் கண்டனான்" என்கிறான். அவன் பிறந்ததே அதற்குப் பிறகுதான்.)

மனிதர்கள் ஆறு பேர். மாப்பிள்ளையாகப் போன நான். தாய் தகப்பன் இல்லாத என்னை வளர்த்த மேரி அக்கா. கலியாணத் தரகர் சந்தியாப்பிள்ளை. பெண்ணின் தகப்பனாகிய கபிரியேல் ஐயா. துறைமுகத்தில் வேலைகளை மேற்பார்க்கும் ஓவசியராக இருந்து ஓய்வு பெற்றவர், ஊரில் எல்லாருக்கும் ஓவசியர்தான். அவருடைய இரண்டு பெண்பிள்ளைகள். மரங்கொத்திகள் நான்கு: ஒரு தகப்பன், ஒரு தாய், இரண்டு குஞ்சுகள். எறும்புகளை எண்ண முடியவில்லை.

இரண்டு பெண்பிள்ளைகளில் எனக்குக் கலியாணம் பேசியது எந்தப் பிள்ளையை என்று எனக்கு அன்று தெரியாது. அதற்குப் பிறகு சில கிழமைகள் வரைக்கும் தெரியாது. அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் கவலைப்படுகிறவன். அதை ஒரு குணம் என்று சொல்வதைவிட என் தொழில் என்றே சொல்லலாம். பாண் போடுவது பக்கத்தொழில். திருகோணமலைச் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு பேக்கரியில் வேலை. பிசைந்த மா பொங்காவிட்டால் பொங்கவில்லையே என்று கவலை. பொங்கினால், இது இப்படியே பொங்கிக்கொண்டு போனால் என்ன செய்வது என்று கவலை. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். (பள்ளிக்கூடம்தான் இவனை விட்டது என்று அக்கா திருத்துவா.) அந்த ஏழாம் வகுப்பாலேயே இரண்டு சம்பந்தம் தட்டிப்போயிருந்தது. ஒரு வீட்டில் தேத்தண்ணி குடித்து முடிக்குமுன்னரே தட்டிப்போனது. பாதிக் கோப்பையை என்ன செய்வதென்று தெரியாமல் கையோடு வாசல் வரைக்கும் கொண்டுவந்துவிட்டேன்.

"இதுவும் தட்டிப்போச்சுதெண்டா, உன்னைக் கூட்டிக்கொண்டு இனி ஒரு வீட்டுப் படியும் நான் ஏறமாட்டன்" என்று அக்கா சொல்லியிருந்தா. அக்கா சொன்னால் சொன்னதுதான்.

தரகர் ஆறுதல் சொன்னார். "ஓவசியர் படிப்பைப் பாக்கிறவர் இல்லை, தம்பி. ஆளின்ர நிதானத்தைப் பாக்கிறவர்."

எனக்கு இருந்த கொஞ்ச நிதானமும் அந்தச் சொல்லோடு போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பெண் வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. சனிக்கிழமை தரகர் சைக்கிளில் மூச்சு வாங்க வந்து இறங்கினார்.

"மேரி, வீட்டை போகத் தேவையில்லை. நாளைக்கு விடியவே தோட்டத்துக்கு வரட்டாம்."

"தோட்டத்துக்கோ? ஏன், வீட்டில ஆருக்கும் சுகமில்லையோ?"

"குஞ்சு வெளிக்கிடப் போகுதாம்."

"ஆற்ற குஞ்சு?"

"மரங்கொத்தியின்ர. ஓவசியர் கன நாளா மரத்தடியிலதான். சாப்பாடுகூட அங்கதான் போகுது. குஞ்சு முதல் முதல் பறக்கிறதைக் காணாமல் அந்த இடத்தை விட்டு அசையமாட்டாராம். மாப்பிள்ளையையும் அங்கேயே வைச்சுப் பாத்திடுறாராம்."

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தா. "உன்னையும் மரங்கொத்தியையும் ஒரே நேரத்தில பாக்கப் போறாராம். ரெண்டில எது பிடிக்குதோ, ஆர் கண்டது."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மாப்பிள்ளை பார்க்கிற இடத்தில் மரங்கொத்தி எதற்கு? மரங்கொத்தி பார்க்கிற இடத்தில் நான் எதற்கு? விளங்காத விஷயத்தில் நான் செய்யக்கூடியது ஒன்றுதான். உடுப்பைச் சரியாகப் போட்டுக்கொண்டு போவது.

இங்கேதான் பிழை விட்டேன். சேட்டுக்குக் கஞ்சி போட்டால் விறைப்பாக இருக்கும். ஆனால் வியர்த்தால் தொய்ந்துவிடும். நானோ குளிக்கும்போதும் வியர்க்கிறவன். அக்கா பின்னுகிற றேந்தைத் துணிகளைச் சீனித் தண்ணீரில் தோய்த்துக் காயவைப்பா. அவை கோப்பைத் தட்டு மாதிரி விறைத்து நிற்கும். மேசையில் மாதா சுரூபத்துக்குக் கீழே வருடக்கணக்காக அப்படியே நிற்கும். றேந்தைக்குச் செய்தால் சேட்டுக்கு ஏன் செய்யக்கூடாது? பேக்கரியில் பணிஸ் என்ற இனிப்பு பன்னுக்கு மேலே பூசுகிற சீனிப்பாகு இருந்தது. யாரிடமும் கேட்காமல் (கேட்டிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை) என் ஒரே வெள்ளைச் சேட்டை அதில் தோய்த்தெடுத்தேன். இஸ்திரிப்பெட்டியை வைத்தபோது பணிஸ் வாசம் வந்தது. அது எனக்கு வேலை வாசம், மூக்கு கணக்கெடுக்கவில்லை. கதிரையில் கொண்டுபோய் வைத்தேன். உள்ளே ஆளில்லாமலே சேட்டு நிமிர்ந்து உட்கார்ந்தது. என்னைவிட அதற்கு நிதானம் இருந்தது.

விடியற்காலை போய்ச் சேர்ந்தோம். அக்கா கூறைச்சேலை போல ஒரு பட்டுச்சேலையில், கையில் வாழைப்பழமும் கேக்கும் வைத்த தட்டத்தோடு. தென்னை மரங்களுக்கு நடுவில் ஒரு பட்டுப்போன தென்னை, தலையில்லாமல் நின்றது. அதற்குச் சற்றுத் தள்ளிப் பின்னிய தென்னோலைக் கிடுகால் ஒரு மறைப்பு. மறைப்புக்குப் பின்னால் ஓவசியர் முழங்காலில் நின்றார். கோயிலில்கூட அப்படி நிற்கிறவரா என்று தெரியாது. வெள்ளைக்காரர் கடற்படைத் தளத்தை விட்டுப் போன காலத்தில் ஏலத்தில் எடுத்த ஒரு பெரிய தூரக்கண்ணாடி அவருடைய கண்ணில் ஒட்டியிருந்தது.

"வணக்கம் ஐயா" என்றேன்.

"உஷ்" என்றார் ஓவசியர். அதுதான் வரவேற்பு.

மறைப்பின் மற்றக் கரையில் பாய் விரித்து இரண்டு பெண்பிள்ளைகளும் இருந்தார்கள். பனிக்காக இரண்டு பேரும் சேலைத் தலைப்பால் தலையை மூடியிருந்தார்கள். ஒரே உயரம், ஒரே நிறம். ஒருத்தி சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். மற்றவள் மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தரகரைப் பார்த்துக் கண்ணால் கேட்டேன். அவர் கண்ணாலேயே "ஓம், ஓம்" என்றார். எதற்கு ஓம் என்று தெரியவில்லை.

அந்த நேரம் பட்ட மரத்தில் ஏதோ வந்து ஒட்டியது. ஓவசியர் தூரக்கண்ணாடியை என் கழுத்தில் மாட்டினார்.

"இப்ப வந்தது தகப்பனோ, தாயோ? பாத்துச் சொல்லும்."

பார்த்தேன். மங்கலாக, மண்ணிறத்தில், மயிர் முளைத்த ஒரு பெரிய பொருள் தெரிந்தது. (அது தரகருடைய காது என்று பிறகு கண்டுபிடித்தேன்.)

"தாய், ஐயா."

"வடிவாப் பாரும்."

"தகப்பன், ஐயா."

"ஒரு முடிவுக்கு வாரும் தம்பி" என்று காதோடு சொன்னார் ஓவசியர். "கொண்டை முழுக்கச் சிவப்பெண்டா தகப்பன். நெத்தியில கறுப்பும் வெள்ளைப் புள்ளியும் கிடந்தா தாய். முதுகு ரெண்டுக்கும் பொன் நிறம். விளங்குதோ?"

"ஓம் ஐயா" என்றேன். பறவைக்காவது நெற்றியில் அடையாளம் இருக்கிறது. பாயில் இருந்த இரண்டு பேருக்கும் அதுவும் இல்லை.

ஓவசியர் தன் பாட்டில் கதை சொல்லிக்கொண்டு போனார். தகப்பனும் தாயும் மாறி மாறி அடைகாத்ததாம். தின்பது பெரும்பாலும் எறும்புதானாம். விழுங்கிக்கொண்டு வந்து குஞ்சின் வாயில் கக்கிக் கொடுக்குமாம். ஒரு குஞ்சு முந்தாநாள் அவர் சாப்பிடக் குனிந்த நேரம் வெளியே வந்துவிட்டதாம். அதைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. அது இப்போது பக்கத்து மரங்களில் தத்தித் தத்தித் திரிகிறதாம். மற்றது இன்னும் பொந்துக்குள்.

"ரெண்டு நாளாத் தலையை நீட்டுது, உள்ளுக்கு இழுக்குது. தாயும் சாப்பாட்டைக் காட்டிப்போட்டுக் குடுக்காமல் தள்ளி நிண்டு கூப்பிடுது. அது வருகுதில்லை. சரியான பயந்தாங்கொள்ளி. எண்டாலும் இண்டைக்குப் பறக்கும். அதை நான் காணாமல் விடமாட்டன்."

எனக்கு அந்தப் பொந்துக்குள் இருந்த குஞ்சு மேல் பெரிய மரியாதை வந்தது. உள்ளே இருட்டு, சூடு, சாப்பாடு. அதை விட்டு எதற்கு வெளிக்கிட வேண்டும்? நானாக இருந்தால் பென்சன் எடுக்கும் வரைக்கும் உள்ளேதான்.

எனக்கு ஒன்றுமே தெரியவில்லை என்பது ஓவசியருக்கு விளங்கிவிட்டது போல. "மெதுவாக் கிட்டப் போய்ப் பாரும். சத்தம் கேக்கப்படாது" என்றார். தூரக்கண்ணாடி கழுத்தில் தொங்க, நான் பூனை மாதிரி மறைப்பை விட்டு வெளியே போனேன். பாதி வழியில் தலைக்கு மேலே யாரோ கெக்கட்டம் விட்டுச் சிரித்தார்கள். திடுக்கிட்டு நிமிர்ந்தேன். மரங்கொத்திதான். அதன் குரலே அப்படியாம். எனக்குத் தெரியாது, என்னைத்தான் என்று நினைத்தேன்.

"அசையாதேயும்!" ஓவசியரின் குரல் சீறிக்கொண்டு வந்தது. "ரெண்டும் வந்திட்டுது. பட்ட மரம் மாதிரி அப்பிடியே நில்லும்!"

நின்றேன். நிதானம் பார்க்கிறார் என்று தரகர் சொன்னது ஞாபகம் வந்தது. இதுதான் அது. இதில் தேறினால் கலியாணம். அசைந்தால் அக்கா ஏறமாட்டேன் என்ற படிகள். மூச்சையும் பாதியாகக் குறைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் வலது கணுக்காலில் ஏதோ ஊர்ந்தது. நான் நின்றது ஒரு முசுற்றுப் பாதையில். முசுறு என்றால் செவ்வெறும்பு. கடித்தால் கடித்த இடத்தில் தலையை விட்டுவிட்டுத்தான் போகும். வெயில் ஏற, எனக்கு வியர்க்க, சேட்டில் இருந்த சீனிப்பாகு மெல்ல இளகத் தொடங்கியது. முதலில் வந்த முசுறு களிசானுக்குள்ளால் ஏறிப்போய்ச் சேட்டை ருசி பார்த்திருக்க வேண்டும். பார்த்துவிட்டு உறவினருக்குச் சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் ஊர் திரண்டு என் மேல் ஏறியது.

கடி ஒன்று. கடி இன்னொன்று. எங்கெங்கே என்பதை இங்கே எழுத ஏலாது.

நான் அசையவில்லை. முகத்தை மட்டும் பல விதமாக வைத்துக்கொண்டேன். கண்ணால் தண்ணீர் வந்தது. மறைப்புக்குப் பின்னால் தரகர் சொல்வது கேட்டது: "பாருங்கோ ஓவசியர், பொடியன் செபம் சொல்லுறான். நல்ல பக்தியான பிள்ளை."

"அது செபம் இல்லை, சந்தியா அண்ணை" என்றா அக்கா. "அவனுக்கு என்னவோ செய்யுது."

அப்போதுதான் முதுகில் ஏதோ பொத்தென்று விழுந்து பிடித்தது.

முந்தாநாள் வெளியே வந்த குஞ்சு. பறக்கப் பழகுகிற பிள்ளை. இரண்டு மரத்துக்கு நடுவில் களைத்துப்போய், கிட்ட நின்ற மரத்தில் ஒட்டியிருக்கிறது. அந்த மரம் நான். நகத்தைக் கொளுவிக் கொளுவி இடுப்பிலிருந்து முதுகுக்கு ஏறியது. ஏறுகிற வழியெல்லாம் எறும்பு. அது பிறந்த நாள் முதல் அப்படி ஒரு சாப்பாட்டைக் கண்டிருக்காது. தாய் தகப்பன் கக்கிக் கொடுத்ததை வாங்கித் தின்ற பிள்ளை, தன் கையால் உழைத்துத் தின்ற முதல் சாப்பாடு என் முதுகில்தான்.

"கடவுளே..." ஓவசியர் மறைப்புக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "தம்பி, அசையாதேயும். என்ர ராசா, அசையாதேயும்."

பெண்ணைப் பெற்றவர் என்னை ராசா என்கிறார்! அந்த ஒரு சொல்லுக்காக இன்னும் கொஞ்சம் நின்றேன். பிறகு குஞ்சு பிடரிக்கு ஏறி, சேட்டுக் கழுத்துப்பட்டியில் இருந்த எறும்பைக் கொத்தியது. எறும்பு தப்பிவிட்டது.

"ஐயோ மாதாவே!"

ஓடினேன். எங்கே என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியாது. குஞ்சின் நகம் சீனிப்பாகுச் சேட்டில் சிக்கிக்கொண்டது. அதுவும் கத்த, நானும் கத்த, தாயும் தகப்பனும் தலைக்கு மேலே சுற்றிச் சுற்றிச் சிரிக்க (சிரிப்பு இல்லை என்று எத்தனை தரம் சொன்னாலும் எனக்கு அது சிரிப்புத்தான்), ஓட்டம் அக்கா நின்ற பக்கம் திரும்பியது. அக்கா என்னைப் பிடிக்க வந்தா. தட்டம் பறந்தது. கேக்கை மிதித்தேன். வழுக்கிக்கொண்டு போய் முழு வேகத்தில் பட்ட தென்னையில் மோதினேன். எனக்கும் மரத்துக்கும் நடுவில் தூரக்கண்ணாடி இருந்தது. அது "சளுக்" என்றது.

மரம் உச்சி வரைக்கும் ஆடியது. மரத்தைக் கட்டிப்பிடித்தபடி அண்ணாந்து பார்த்தேன். பொந்து வாசலில் நின்ற பயந்தாங்கொள்ளி நிலைதடுமாறி வெளியே வந்தது. வந்து விழுந்தது. பிறகு விழவில்லை.

திரும்பிப் பார்த்தால் எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஓவசியரும்.

பாயில் இருந்தவர்களில் ஒருத்தி எழுந்து வந்தாள். எவள் என்று பார்க்க எனக்குத் தலை நிமிரவில்லை. "அசையாதேங்கோ. இந்த முறை உண்மையா" என்றாள். பின்னால் நின்று குஞ்சின் நகங்களை ஒன்றொன்றாக எடுத்தாள். அதைப் பக்கத்து மரத்தில் ஒட்டவைத்துவிட்டு, தன் விரல்களைப் பார்த்தாள். மணந்தாள்.

"அப்பா, இவர் சேட்டுக்குச் சீனிப்பாகு போட்டிருக்கிறார்."

பாயில் இருந்தவள் சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு குப்புற விழுந்தாள். "கழட்டுங்கோ சேட்டை. இல்லாட்டி தின்னுறதுக்கு ஆளே மிஞ்சாது" என்றாள் பின்னால் நின்றவள். பெண் பார்க்கப் போன இடத்தில் எலும்பை எண்ணக்கூடிய வெறும் மேலோடு, உடம்பு முழுக்கத் தடிப்போடு நின்றேன். கதை முடிந்தது என்று எனக்குத் தெரிந்தது. அக்கா தட்டத்தை எடுத்துக்கொண்டு, "வாடா போவம்" என்றா.

ஓவசியர் அதை எதையும் கேட்கவில்லை. பொந்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி பொந்தைப் பார்த்தார்.

"மற்றக் குஞ்சு எங்க?"

மறைப்பைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார்.

"ஆர் கண்டது? அது போனதை ஒருத்தரும் காணேல்லையோ?" எத்தனை நாளாக முழங்காலில் நின்றவர். அவருடைய முகத்தைப் பார்க்க எனக்குக் கடியெல்லாம் மறந்துபோனது.

"நான் கண்டனான் ஐயா" என்றேன்.

கிட்ட வந்து என் தோளைப் பிடித்தார். எறும்பு அவருடைய கைக்கும் ஏறியது. அவர் தட்டவில்லை. "எப்பிடிப் போச்சுது? சொல்லும்."

"விழுந்தது, ஐயா. பிறகு விழேல்லை."

"செட்டை அடிச்சதோ?"

"ஓம். இல்லை. முதல்ல அடிக்கேல்லை. பிறகு மறந்துபோனதை நினைச்ச மாதிரி அடிச்சது."

"எந்தப் பக்கம் போச்சுது?"

"கடல் பக்கம். இல்லை ஐயா, றோட்டுப் பக்கம். எனக்குத் தலை சுத்தினது."

அவர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். பிறகு கண்ணைத் திறந்து என் கழுத்தில் தொங்கிய தூரக்கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். ஒரு பக்கக் கண்ணாடி பொடியாகக் கொட்டியது.

"இது முப்பத்தைஞ்சு ரூபா."

"ஓம் ஐயா."

"ஒரேயடியா உம்மால ஏலாது. ஞாயிறு பூசை முடிய, ரெண்டு ரெண்டு ரூபாவா வீட்டை கொண்டு வாரும்." திரும்பினவர் மறுபடி நின்றார். "வந்து அதையும் இன்னொருக்காச் சொல்லும். விழுந்தது, பிறகு விழேல்லை எண்ட இடத்தை."

திரும்பி வரும் வழியில் தரகரைக் கேட்டேன், இது சம்மதமா, இல்லையா என்று. அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டே சொன்னார்: "சம்மதம் இல்லையெண்டா வீட்டை வரச் சொல்லமாட்டார். சம்மதமெண்டா காசு கேக்கமாட்டார். இருவது வருசமா உந்தத் தொழில் செய்யிறன் தம்பி, எனக்கே விளங்கேல்லை."

ஞாயிறு தோறும் போனேன். கதிரை தந்தார்கள். இரண்டு ரூபாவை மேசையில் வைப்பேன். குஞ்சு விழுந்ததையும் விழாததையும் சொல்லுவேன். ஒரு கிழமை கடல் பக்கம் போகும், அடுத்த கிழமை றோட்டுப் பக்கம் போகும். ஓவசியர் இரண்டையும் நம்பினார். கலியாணப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. எனக்குக் கேட்கப் பயம். கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்கும். இரண்டு பேரில் யாருடைய வளையல் என்று தெரியாது. அக்காவைக் கேட்டால், "ரெண்டும் முக்காட்டோட இருந்துதுகள், எனக்கு மட்டும் என்னெண்டு தெரியும்?" என்பா.

ஒரு ஞாயிறு ஓவசியர் பூசையால் வரப் பிந்திவிட்டது. தேத்தண்ணி ஒருத்தி கொண்டுவந்து வைத்தாள். வைத்துவிட்டுப் போகவில்லை.

"இன்னும் எவ்வளவு இருக்கு?"

குரலைக் கேட்டதும் முதுகு தன்பாட்டில் விறைத்தது. நகம் நகமாக எடுத்தவள்.

"பத்தொன்பது ரூபா" என்றேன். அவசரத்தில், "கெதியாக் கட்டி முடிச்சிடுவன்" என்றும் சொன்னேன்.

"ஏன் அவசரம்?" என்றாள். "மெல்ல மெல்லக் கட்டுங்கோ."

அவள் உள்ளே போன பிறகு தேத்தண்ணியைக் குடித்தேன். சீனி போடவே இல்லை. அது மறதியா, பகிடியா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஆனால் உள்ளேயிருந்து மற்றவள், "பிலோமினா, உன்ர மாப்பிள்ளை என்ன சொல்லுறார்?" என்று கேட்டதில், எனக்குக் கலியாணம் பேசிய பெண் இவள்தான், பெயர் பிலோமினா என்பது அன்றைக்குத் தெரிந்தது.

அன்று வைத்த இரண்டு ரூபாதான் கடைசி. கோயிலில் எங்களுடைய கலியாண அறிவித்தலின் முதல் ஓலை வாசித்த ஞாயிறு நான் வழக்கம்போலக் காசை மேசையில் வைத்தேன். ஓவசியர் அதை என் பக்கமே தள்ளினார்.

"மிச்சம் கிடக்கட்டும். கடனில்லாத ஆள் நினைச்ச நேரம் எழும்பிப் போயிடுவான்."

ஓவசியர் மாமா கண்ணை மூடி எத்தனையோ வருடமாகிவிட்டது. கடன் மகளின் பேருக்கு மாறியிருக்கிறது. வீட்டில் ஒரு வாக்குவாதத்தில் என் குரல் கொஞ்சம் உயர்ந்தால் போதும், பிலோமினா உள்ளங்கையை விரித்து நீட்டுவாள். பிள்ளைகள் மூன்றும் குசினியிலிருந்தும் முற்றத்திலிருந்தும் ஒரே குரலில் தொகையைச் சொல்லும். நான் சட்டைப்பையைத் தடவிவிட்டு அடங்கிவிடுவேன். காசு இல்லாமல் இல்லை. கொடுத்துவிட்டால் பிறகு என்ன ஆகுமோ என்று ஒரு கவலை. அதனால் இன்றைய தேதி வரைக்கும் நான் கட்டவேண்டிய மிச்சம், பதினேழு ரூபா.